கோணல் கோடு போடும் கார்

தலத்தெரு, காரைக்கால்
4-8-2024

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, நீ வாங்கிக் கொடுத்த கார், மூன்று பேரும் சௌக்கியம். மூவரில் அதிகம் குளிப்பது கார்தான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி எழில்மதியும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. போனில் கேட்டுக்கொள்ளலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் எழில்மதி சிவப்புப் பட்டனை அமுக்கி விடுகிறாள். காகிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தானே ஆக வேண்டும்? பதிலும் காகிதத்திலேயே வர வேண்டும். சொல்லிவிட்டேன்.

காரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபித்துக்கொள்ளாதே. வண்டி ராஜா மாதிரி இருக்கிறது. கதவைச் சாத்தினால் பக்கத்தில் லாரிக்காரன் ஹாரன் அடிப்பது கூடக் கேட்பதில்லை. முப்பது வருஷம் மீன் லோடு வண்டி ஓட்டியவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன் கையை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்கிறேன். உன் அம்மா திருஷ்டிக்கு முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். உடனே எதன் மேலோ இடிக்கப் போவதாக வண்டி கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. கட்டினால் கார் கத்துகிறது, கழற்றினால் உன் அம்மா கத்துகிறாள்.

அது கிடக்கட்டும். ரிவர்ஸ் கியர் போட்டால் டிவி மாதிரி ஒரு திரையில் பின்பக்கம் தெரிகிறதல்லவா? அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு வருகிறது. அந்தக் கோட்டை நம்பி கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போகலாம் என்று ஷோரூமில் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். கோடு கோணலாக இருக்கிறது. நடுவில் நண்டு கடித்த மாதிரி ஒரு நெளிவு. இவ்வளவு பெரிய காரில் ஒரு கோட்டை நேராகப் போட ஆள் இல்லையா?

நம் சந்து உனக்குத் தெரியும். உள்ளே திருப்ப இடம் இல்லை, ரோட்டிலிருந்தே பின்னால் வர வேண்டும். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் காஜா நஜ்முதீன் வீட்டு மதில். திரும்பிப் பார்த்து ஓட்டலாம் என்றால் இந்த வண்டியின் பின்கண்ணாடி தபால் பெட்டி வாய் மாதிரி இருக்கிறது. கோடு இல்லாமல் முடியாது.

எனக்கு ஏன் இந்த அவசரம் என்றால், பொங்கலுக்கு நீங்கள் வரும்போது திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி கொண்டு வர வேண்டும். போன தடவை சம்பந்தி தெட்சிணாமூர்த்தி வந்தார். அழைக்க வந்த கார் யாருடையதோ அவர் வீட்டுக்குத்தானே முதலில் போகும்? மயிலாடுதுறையில் இறங்கிய நீங்கள் காரைக்கால் வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் குழந்தைக்குச் சளி பிடித்து, தூங்கிக்கொண்டே வந்தாள், தூங்கிக்கொண்டே போனாள். இந்தத் தடவை அவள் கால் முதலில் நம் வாசலில் பட வேண்டும். நீ கார் வாங்கித் தருகிறேன் என்றபோது நான் ஒரு வார்த்தை மறுக்காததற்கு அதுதான் காரணம்.

மாப்பிள்ளையிடம் கேட்டு அந்தக் கோட்டை நிமிர்த்துவது எப்படி என்று எழுது.

இப்படிக்கு,
காரை விடச் சிறிய வீட்டில் வாழும் உன் அப்பா
மாணிக்கவேல்


சிங்கப்பூர்
17-8-2024

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று பேரும் சேர்ந்து படித்தோம். எலுமிச்சம்பழத்துக்கு உங்கள் மாப்பிள்ளை கவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஸ்டாம்பு எங்கே விற்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்து இதை அனுப்புகிறேன்.

அவர் காரின் புத்தகத்தை இன்டர்நெட்டில் எடுத்து முழுக்கப் படித்துவிட்டார். அவர் சொல்வது இதுதான். அந்தத் திரையில் இரண்டு வகைக் கோடு உண்டாம். ஒன்று அசையாமல் அப்படியே நிற்கும். இன்னொன்று நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப வளையும். வண்டி எங்கே போய் நிற்கும் என்று காட்டுவதற்காக அது வளைகிறது. நீங்கள் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். நன்றாக நேராக வைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம், அந்தக் கேமரா மீன் கண் மாதிரி உருண்டையாக இருக்குமாம். அகலமாகத் தெரிவதற்காக அப்படிச் செய்கிறார்களாம். அதனால் ஓரத்தில் இருக்கும் சுவர், கம்பம் எல்லாம் கொஞ்சம் வளைந்துதான் தெரியும். பழகிவிட்டால் தெரியாது.

மயிலாடுதுறை மாமா இந்தத் தடவையும் கார் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் உறுதியாக ஓட்டி வருவீர்கள் என்றால் அவரிடம் நான் பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன். ஆனால் கடைசி நேரத்தில் காலை வாரிவிடக் கூடாது.

சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அம்மாவைக் கேட்டால் "உங்கப்பாவையே கேளு" என்கிறாள். எழில்மதி உங்களுக்கு ஒரு கார் வரைந்திருக்கிறாள். உள்ளே வைத்திருக்கிறேன். எட்டுக் கால் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதெல்லாம் சக்கரம்.

அன்புடன்,
சுகிர்தா


தலத்தெரு
1-9-2024

அன்பு மகளுக்கு,

எட்டுக்கால் காரை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதில் கோடு எல்லாம் நேராக இருக்கிறது. கம்பெனிக்காரன் எழில்மதியிடம் வந்து கற்றுக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை சொன்னபடி ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பார்த்தேன். அப்போதும் நெளிகிறது. மீன் கண்ணைப் பற்றி எனக்கே பாடம் எடுத்திருக்கிறார், பரவாயில்லை, நம் மாப்பிள்ளைதானே. ஆனால் என் எட்டாங்கிளாஸ் மூளைக்கு ஒன்று தோன்றுகிறது. சுவர் வளையட்டும், அது கேமரா எடுக்கிற படம். கோடு கம்பெனிக்காரன் படத்துக்கு மேல் போட்டது. அது ஏன் வளைய வேண்டும்? இதற்கு அவரைப் பதில் சொல்லச் சொல்.

காஜாவின் சின்னக் காரிலும் இதே கோடு இருக்கிறது. போய் உட்கார்ந்து பார்த்தேன். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அது சின்னக் கார், அதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? பெரிய வண்டி வாங்குகிறவன் ஒழுங்கான கோட்டுக்கும் சேர்த்துத்தானே வாங்குகிறான்.

சரி, விடக் கூடாது என்று திருச்சி சர்வீஸுக்கே கொண்டு போனேன். சாட்சிக்குக் காஜாவையும் அழைத்துக்கொண்டேன். பாதி வழியில் "தள்ளு மாணிக்கம், நான் ஓட்டுறேன்" என்று வாங்கிக்கொண்டான். நான் ஓட்டுவது அவனுக்குப் பயமாக இருக்கிறதாம். முப்பது வருஷம் ஓட்டியவனைப் பார்த்துச் சொல்கிறான்.

அங்கே பிரதீபா என்று ஒரு பெண். தரையில் வெள்ளைப் பெயின்ட்டில் கட்டம் போட்டிருக்கிறார்கள், அதில் வண்டியை நிறுத்தி ஏதோ மெஷினை மாட்டிப் பார்த்தாள்.

"சார், கோடு நேராத்தான் சார் இருக்கு."

"எங்கம்மா நேரா இருக்கு? நல்லாப் பாரு."

"திரும்பவும் செட் பண்ணிப் பார்த்துட்டோம் சார். வித்தியாசமே இல்ல."

"நீ கம்பெனிக்காரி. அப்படித்தான் சொல்லுவே."

"நான் எதுக்கு சார் பொய் சொல்லப் போறேன்? உங்களுக்கு எப்படி சார் தெரியுது, கொஞ்சம் சொல்லுங்களேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்கிறாளே! எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதான் எனக்கும் தெரியும் என்று சத்தம் போட்டுவிட்டேன். காபி குடித்துக்கொண்டிருந்த மற்ற கார்க்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். காஜா சாட்சிக்கு வந்தவன், அவர்களோடு சேர்ந்து காபி குடிக்கப் போய்விட்டான். வரும் வழியில்தான், "கோவிச்சுக்காதே, எனக்கும் நேராத்தான் தெரிஞ்சுது" என்றான். தஞ்சாவூர் வரைக்கும் அவனோடு பேசவில்லை. அங்கே டீ குடிக்க வேண்டியிருந்ததால் பேசினேன்.

இதற்கு நடுவில் சம்பந்தி போன் செய்தார். "பெரிய வண்டி வாங்கிட்டீங்களாம், சந்தோஷம். ஆனா ஏர்போர்ட்டுக்கு நானே போயிட்டு வந்துடறேனே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார். எனக்கு என்ன சிரமம் என்று அவரிடம் யார் சொன்னது?

அப்பா


சிங்கப்பூர்
14-9-2024

அப்பா,

மாமாவிடம் நான்தான் சொன்னேன். உங்களுக்கு ரிவர்ஸ் எடுப்பது கஷ்டமாக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அதில் என்ன தப்பு?

நேராகவே எழுதிவிடுகிறேன். இந்தக் கோடு விஷயம் எனக்குச் சலித்துவிட்டது. கம்பெனி நேராக இருக்கிறது என்கிறது. காஜா மாமா நேராக இருக்கிறது என்கிறார். அந்தப் பிரதீபா இரண்டாம் முறை செட் செய்தும் பார்த்துவிட்டாள். நீங்கள் மட்டும் இல்லை என்கிறீர்கள். கோடு இல்லாத காலத்தில் யாரும் ரிவர்ஸ் எடுக்கவில்லையா? பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். தலையை வெளியே நீட்டிப் பாருங்கள்.

கவி எதுவும் சொல்வதில்லை, ஆனால் அவருக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆசைப்பட்டு அவர்தான் அந்த மாடலைத் தேர்ந்தெடுத்தார். நான் அனுப்பிய வாஷிங் மெஷின் சத்தம் என்றீர்கள். கட்டில் உயரம் என்றீர்கள். இப்போது காரில் கோடு. நான் வாங்கித் தந்ததில் எதுதான் உங்களுக்கு நேராகத் தெரிந்திருக்கிறது?

வேண்டாம் என்றால் காரை விற்றுவிடுங்கள். நாங்கள் மாமா காரிலேயே வந்துவிடுகிறோம். காரைக்காலுக்கு நாலு நாள் கழித்து வந்தால் குறைந்தா போய்விடும்?

சுகிர்தா


தலத்தெரு
29-9-2024

சுகிர்தாவுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், அதுவும் சட்டையோடு துவைக்கப் போய்விட்டது. நீ அனுப்பிய வாஷிங் மெஷின்தான் துவைத்தது. சத்தம் ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறது. கட்டிலும் பழகிவிட்டது.

குறைந்து போய்விடாது என்றாய். உனக்குக் குறையாது அம்மா. பேத்திக்கு நாலு வயசில் என்னோடு இருந்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் நாலைச் சம்பந்திக்குக் கொடுத்துவிட்டால் எனக்குக் குறையும்.

நீ சொன்னபடி தலையை வெளியே நீட்டி ரிவர்ஸ் எடுத்தேன். காஜா வீட்டு மதில் மூலை பெயர்ந்துவிட்டது. காரில் ஒரு கை அகலத்துக்குக் கீறல். காஜா வெளியே வந்து, "மதில் அங்கேயேதான்டா இருக்கு, நேத்தும் அங்கதான் இருந்துச்சு" என்றான். மதில் எனக்கு இன்னும் ஒரு சாண் தள்ளித் தெரிந்தது, சத்தியமாக.

பிரதீபாவைப் பற்றிக் கம்பெனிக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இங்கிலீஷில் டைப் அடித்துத் தருகிற கடையில் சொல்லி எழுதினேன். "பொறுப்பில்லாத பதில்" என்பதற்கு நல்ல பெரிய வார்த்தையாகப் போட்டிருக்கிறான்.

நீ நம்ப மாட்டாய் என்பதற்காக ஒரு சோதனை செய்தேன். கிழிந்த வலையைப் பொத்தித் தைக்கிற நீல நைலான் நூல் கொஞ்சம் வீட்டில் கிடந்தது. வண்டியில் உட்கார்ந்து, ரிவர்ஸ் கியரைப் போட்டு, அந்த நூலைத் திரைக்கு முன்னால் மேலிருந்து கீழாக விண் என்று இழுத்துப் பிடித்தேன். இழுத்துப் பிடித்த நூலை விட நேரானது உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? நூலுக்குப் பக்கத்தில் கோட்டை வைத்துப் பார்த்தால் கம்பெனியின் திருட்டு வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன்.

என்ன அநியாயம் என்று கேள். நூலும் வளைகிறது! கோடு எந்த இடத்தில் நெளிகிறதோ அதே இடத்தில் நூலும் நெளிகிறது. அப்படியென்றால் கோளாறு கோட்டில் இல்லை, திரைக் கண்ணாடியில். கிட்டே போன நூலைக் கூட வளைத்துக் காட்டுகிற கண்ணாடியை வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். காஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் நூலைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது சொல், நான் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறவனா? காரை விற்க மாட்டேன். கண்ணாடியை மாற்றித் தரச் சொல். திருச்சிக்கு நான்தான் வருவேன்.

அப்பா


சிங்கப்பூர்
9-10-2024

என் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் போகும் ரயிலில் படித்தேன். நூல் விஷயம் வந்ததும் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

அப்பா, நூல் கண்ணாடிக்கு உள்ளே இல்லை. வெளியே, உங்கள் கையில் இருந்தது. உங்கள் கைக்கும் கண்ணுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை. காரின் கண்ணாடி எப்படி அப்பா அதை வளைக்கும்?

உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா சொன்னாள், உங்களுக்குக் கொஞ்ச நாளாகக் குழம்பு தட்டுக்கு வெளியே விழுகிறதாம். வாசலில் வந்து நின்ற பால்காரரை, அவர் பேசிய பிறகுதான் அடையாளம் கண்டீர்களாம். உங்களிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "காரைக் குறை சொன்னா என் கண்ணைக் குறை சொல்றாளா? பேச மாட்டேன்னு சொல்லு" என்று நீங்கள் கத்தியது எனக்கு இங்கே கேட்டது. அதனால்தான் இந்தக் காகிதம். காகிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் சின்னச் சின்னக் கட்டம், நடுவில் ஒரு புள்ளி. கண் டாக்டர்கள் கொடுப்பது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடது கண்ணைக் கையால் மூடி, வலது கண்ணால் அந்தப் புள்ளியை மட்டும் பாருங்கள். அப்புறம் கண்ணை மாற்றிப் பாருங்கள். கட்டங்கள் எல்லாம் நேராகத் தெரிந்தால் நான் தோற்றேன். கம்பெனியோடு நானே சண்டை போட்டுக் கண்ணாடியை மாற்றித் தருகிறேன். கோடு வளைந்தாலோ, நடுவில் மங்கினாலோ அன்றைக்கே கிளம்ப வேண்டும். பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்கு உங்களை அழைத்துப் போவதாகக் காஜா மாமா ஒத்துக்கொண்டார். சர்க்கரை இருப்பவர்களுக்கு இப்படி வரும், தள்ளிப் போட்டால் போன பார்வை திரும்பாது என்கிறார்கள்.

இரண்டு மாதமாகக் கோடு கோடு என்று நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். நான் ஸ்டியரிங்கை நேராக வைக்கச் சொன்னேன். தலையை நீட்டி ஓட்டச் சொன்னேன். அந்த மதிலுக்குப் பதில் அங்கே ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் அப்பா? போன கடிதத்தில் நான் எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதைத் துவைத்ததே நல்லது.

சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் அப்பா.

சுகிர்தா


தலத்தெரு
10-11-2024

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

உன் அம்மா தினமும் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள் என்று தெரியும். இருந்தாலும் என் பங்குக்கு நான் எழுத வேண்டும். எழுத்து மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள். டாக்டரே சொல்லிவிட்டார், குற்றம் என் மேல் இல்லை.

உன் தாள் வந்த அன்று, உன் அம்மா கடைக்குப் போகும் வரை காத்திருந்து எடுத்துப் பார்த்தேன். வலது கண்ணில் புள்ளியைச் சுற்றியிருந்த கட்டமெல்லாம் வெயிலில் வைத்த மெழுகுவத்தி மாதிரி சாய்ந்து கிடந்தது. கண்ணை மாற்றினேன். இடதிலும் கொஞ்சம். தாளைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். நிலைப்படியைப் பார்த்தேன். எல்லாமே நெளிகிறது. நம் வீட்டையும் அந்தக் கார் கம்பெனிக்காரன்தான் கட்டியிருப்பான் போலிருக்கிறது. சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. உன் அம்மா திரும்பி வந்தபோது சாவியை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பாண்டியில் டாக்டர் நல்ல மனுஷர். சர்க்கரையால் கண்ணுக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதாம். கண்ணிலேயே ஊசி போட்டார்கள். மரத்துப் போக மருந்து விட்டதால் வலிக்கவில்லை, ஆனால் போடப் போகிறேன் என்று அவர் சொன்னது வலித்தது. மாதாமாதம் போக வேண்டும். இடது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார். வலதில் போனதில் கொஞ்சம் போனதுதானாம். "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தீங்கன்னா என்கிட்ட வந்தும் பிரயோஜனம் இல்ல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். கார் வாங்கினேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை. இரண்டு மாதம் கம்பெனியைத் திட்டினேன், கண்ணாடியைத் திட்டினேன், காஜாவைத் திட்டினேன். இப்போது யாரைத் திட்டுவது? கார் கெட்டுப்போயிருந்த வரைக்கும் எனக்குத் திட்ட ஒரு ஆள் இருந்தது. இப்போது கார் நன்றாக இருக்கிறது. வாசலில் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பிரதீபாவுக்குப் போன் செய்தேன். என் புகாரால் அவளிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சம்பள உயர்வு நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்குக் கவலை.

"நீ சொன்னதுதான்மா சரி. கோடு நேராத்தான் இருக்கு" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள். அப்புறம், "கண்ணு இப்ப எப்படி சார் இருக்கு?" என்று கேட்டாள். அன்றைக்கே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் பாவம் சொல்லவில்லை. புகாரை வாபஸ் வாங்கி ஒரு கடிதம் நான் சொல்ல, நீ இங்கிலீஷில் எழுத வேண்டும். காரில் குறை இல்லை, அந்தப் பெண் உண்மையைச் சொன்னாள், பார்த்தவன் கண்தான் சரியில்லை என்று இருக்க வேண்டும். பெரிய வார்த்தை எதுவும் போடாதே.

இனி திருச்சி விஷயம். காஜா ஓட்டுகிறேன் என்கிறான், நம் வண்டியையே. மதில் பூசிக் கொடுத்ததோடு அவன் கோபம் தீர்ந்துவிட்டது. வண்டி நம்முடையது என்பதால் முறைப்படி முதலில் நம் வீடுதான். ஆனால் சம்பந்திக்கு நானே போன் செய்து, நீங்களும் எங்களோடு வாருங்கள் என்று சொன்னேன். "வர்றேன் சம்பந்தி. முதல்ல எங்க போறோம்?" என்று கேட்டார். மனுஷன் விட மாட்டேன் என்கிறார்.

சுகிர்தாவே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்த வீம்பு போய்விட்டது, முழுக்க என்று சொல்ல மாட்டேன். முதலில் யார் வாசல் என்பதை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். எழில்மதி மட்டும் வழி முழுக்கப் பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

குழந்தையிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வை. ஊசி முழுசாக வேலை செய்ய இன்னும் சில மாதம் ஆகுமாம். அதுவரை யாரையும் நேருக்கு நேர் பார்த்தால் முகத்தின் நடுவில் மங்கிவிடுகிறது. கொஞ்சம் தள்ளி, ஓரமாகப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. உன் அம்மாவைப் பார்த்துப் பார்த்துப் பழகி வைத்திருக்கிறேன். அதனால் தாத்தா பேசும்போது தன்னைப் பார்க்காமல் கார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எழில்மதி நினைத்துவிடப் போகிறாள். அப்போதுதான் அவளைப் பார்க்கிறேன் என்று சொல்லி வை.

அப்பா
மாணிக்கவேல்